ழகரம் யார் வீட்டுப் பிள்ளை?

"உலகத்தில் வேறெந்த மொழிக்கும் வாய்க்காத ழகரம் நம் தாய்மொழிக்கு வாய்த்தது" என்று மேடையில் ஒருவர் முழங்குவார். கைதட்டல் ஓய்ந்ததும் "தமிள் வாள்க" என்று சொல்லி இறங்குவார். மதுரைப் பக்கம் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கம் எழுந்த ஊரிலேயே இப்படியா என்று அருகில் உட்கார்ந்திருக்கும் தமிழாசிரியர் தலையில் அடித்துக்கொள்வார்.

என்னைக் கேட்டால், அந்தப் பேச்சாளர் முடித்த விதத்தில் பெரிய குற்றமில்லை. முழங்கியதில்தான் இருக்கிறது. ழ ஒலி உலகத்தில் பல இடங்களில் உண்டு. நமக்குக் கண்ணில் படாததற்குக் காரணம், அந்த ஒலியை நாம் தவறான வீட்டில் தேடுவதுதான். பள்ளியில் ல, ள, ழ மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்ததால் ழவை லகரத்தின் உடன்பிறப்பு என்றே நினைத்துவிட்டோம். உண்மையில் அது ரகரத்தின் வீட்டுப் பிள்ளை. இது பிடிபட்டுவிட்டால் மதுரையின் "பளம்", சென்னையின் "பயம்", தெலுங்கின் "கோடி", ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பாறை ஒன்றின் பெயர் எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிடும்.

வாய்க்குள் நடப்பது

ட, ள, ழ மூன்றுக்கும் நாக்கு ஒரே மாதிரிதான் கிளம்புகிறது. நுனி மேலே எழும்பிப் பின்பக்கமாக வளைந்து, மேலண்ணத்தின் மேட்டை நோக்கிப் போகிறது. ட சொல்லும்போது நுனி அங்கே போய் அழுத்தமாக ஒட்டுகிறது. காற்று முழுசாக அடைபட்டு, ஒட்டு விடும்போது வெடிக்கிறது. ள சொல்லும்போதும் நுனி ஒட்டத்தான் செய்கிறது, ஆனால் நாக்கின் இரண்டு ஓரமும் தாழ்ந்து நிற்பதால் காற்று பக்கவாட்டில் வெளியேறுகிறது. ழவுக்கு நுனி அண்ணத்தின் பக்கத்தில் வந்து, தொடாமல் நிற்கிறது. ஓரங்கள் மேலே கடைவாய்ப் பற்களோடு அணைந்திருக்கும்; காற்று நடுவழியாகப் போகும்.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது எளிது. "பள்ள்ள்" என்று சொல்லி ளவிலேயே நாக்கை நிறுத்துங்கள். நாக்கை அசைக்காமல் வாய் வழியாகக் காற்றை உள்ளே இழுங்கள். பிறகு "பழ்ழ்ழ்" என்று நிறுத்தி அதே மாதிரி இழுங்கள். செல்லூரில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனை இப்படிச் செய்யச் சொன்னேன். ஆறாம் வகுப்பு படிக்கிறான், தமிழ்ப் பாடத்தில் ழ-ள பிழைக்காக மதிப்பெண் இழந்து வந்திருந்தான். நாலைந்து தடவை காற்றை உறிஞ்சிவிட்டு, "மாமா, மொதல்ல சொன்னதுக்கு ரெண்டு கன்னத்துப் பக்கமும் சில்லுங்குது. இதுக்கு நாக்கு நடுவுல சில்லுங்குது" என்றான். மொழியியல் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் சோதனையே இதுதான். பக்கவாட்டில் குளிர்ந்தால் அது லகரக் குடும்பம், நடுவில் குளிர்ந்தால் ரகரக் குடும்பம். பையன் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

தொல்காப்பியர் இதை எப்போதோ எழுதி வைத்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை. பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் சேர்த்து ஒரே நூற்பாவில் வைக்கிறார்: நாவின் நுனி மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை வருட இவ்விரண்டும் பிறக்கும் என்பது அதன் பொருள். ல, ள இரண்டுக்கும் அடுத்த நூற்பா தனியாக வருகிறது. அதில்தான் நாவின் விளிம்பு பேசப்படுகிறது. காற்று ஓரமாகப் போகிற ஒலிகளுக்கு விளிம்பையும், நடுவில் போகிற ஒலிகளுக்கு நுனியையும் சொல்கிறார். பையன் கன்னத்தில் உணர்ந்ததும் இதே வேறுபாட்டைத்தான்.

இலக்கணம் தெரியாதவர்கூட ர-ழ உறவைச் சோதித்துப் பார்க்கலாம். தமிழில் ல இரட்டிக்கும், ள இரட்டிக்கும்: வெல்லம், வெள்ளம். ழ இரட்டித்து ஒரு சொல் சொல்லுங்கள் பார்ப்போம். கிடையாது. ர இரட்டித்தும் கிடையாது. இன்னொன்று: கல், பல், முள், கள் என்று ஒரே குறிலுக்குப் பின் ல், ள் வந்து சொல் முடியும். அப்படி ர் வராது, ழ் வராது. கார், வேர், யாழ், ஊழ் என்று நெடிலுக்குப் பின் வரும். இல்லையென்றால் இதழ், புகழ், தமிழ் என்று இன்னும் ஓர் எழுத்து துணைக்கு வேண்டும். ரவும் ழவும் எங்கே போனாலும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்படுகின்றன. இந்த ஆதாரமெல்லாம் கையிலிருக்கும்போது ல-ள-ழ என்று வரிசைப்படுத்திப் பிள்ளைகளைக் குழப்புவது ஏன் என்று எனக்குப் புரிவதே இல்லை. எழுதும்போது பிழை வருவது அந்த மூன்றில்தான் என்பதால் அப்படிப் பழகியிருக்கலாம். பிழை திருத்த அது உதவும், ஒலியைப் புரியவைக்க உதவாது.

தொட்டால் ஒன்று, விட்டால் ஒன்று

தொடாமல் பக்கத்தில் நிற்பது நாக்குக்குச் சிரமமான வேலை. கொஞ்சம் அசந்தால் ஒட்டிவிடும், அல்லது வளையாமல் படுத்துவிடும். எந்தப் பக்கம் சறுக்குகிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு.

மதுரையிலும் அதற்குத் தெற்கேயும் நாக்கு மெல்ல ஒட்டிக்கொள்கிறது, ள வந்துவிடுகிறது. யானைக்கல் பக்கம் பழக்கடையில் நின்றால் "அண்ணே, நாட்டுப்பளம் சீப்பு எவ்வளவு?" என்றுதான் காதில் விழும். சித்திரையில் அளகர் ஆத்துல எறங்குவார். சோளவந்தான் வெத்தலை, கீளடி அகழாய்வு, கீள மாசி வீதி, பளங்காநத்தம் ரவுண்டானா. வாழையும் வாளை மீனும் வாயில் ஒன்றாகிவிடும். இலையா மீனா என்பதைப் பேச்சின் போக்கு சொல்லிவிடுவதால் யாரும் ஏமாறுவதில்லை. நா பிறழாமல் சொல்லச் சொல்லி "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல்" என்று பிள்ளைகளைச் சோதிப்பார்களே, மதுரைப் பிள்ளைகளுக்கு அது சோதனையே இல்லை. முழுக்க ள போட்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவிடும்.

சென்னைப் பேச்சில் நாக்கு எதிர்ப்பக்கம் சறுக்குகிறது. வளையாமல் படுத்து ய ஆகிறது: வாயப்பயம், கோயி. கேரளத்து மலபாரிலும் இதே கதை. எழுத்தில் ழ இருக்க, பேச்சில் மழை "மய" ஆகும், கோழிக்கோடு "கோயிக்கோடு" ஆகும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் நம்மைப் போலவே ளவுக்குப் போனவர்கள்; ஆனால் தங்கள் ஊர்ப் பெயரில் மட்டும் ழவை அடியோடு விழுங்கி "யாப்பாணம்" என்கிறார்கள். எழுத்துத் தமிழே இப்படி விழுங்கியதுண்டு. அப்பொழுது என்பது அப்போது ஆனபோது யாரும் கண்டிக்கவில்லை.

அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்க்க கோழி ஒன்று போதும். மலையாளத்தில் கோழி அப்படியே இருக்கிறது. கன்னடத்தில் கோளி. தெலுங்கில் கோடி. துளுவில் கோரி, மங்களூர்க்காரர் ஓட்டலில் கோரி ரொட்டி சாப்பிட்டிருந்தால் துளுக் கோழியைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஒரே பழைய ழ, மெல்ல ஒட்டியபோது ள, இறுக ஒட்டியபோது ட, சுண்டிவிட்டபோது ர. ஏழு என்ற எண்ணும் இதே தடத்தில் கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. பழைய கன்னடத்திலும் பழைய தெலுங்கிலும் ழவுக்குத் தனி எழுத்தே இருந்தது. கல்வெட்டுகளில் இருக்கிறது, பேச்சில் ஒலி போனபின் எழுத்தும் போய்விட்டது. கன்னடக்காரர் மழையை "மளெ" என்றால் அது கன்னடம். மதுரைக்காரர் "மளை" என்றால் மட்டும் கொச்சை. இரண்டு இடத்திலும் நாக்கு செய்தது ஒரே காரியம். செய்தி வாசிப்பவரும் மேடையில் மொழிப்பெருமை பேசுபவரும் ழவைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். பழக்கடை அண்ணனிடம் எதிர்பார்க்க மாட்டேன்.

மாங்குளத்துக் கல்

மதுரையில் ள வழங்குவதால் இந்த ஊருக்கு ழ என்றுமே வரவில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அழகர்கோவிலிலிருந்தும் மேலூரிலிருந்தும் எட்டும் தூரத்தில் மாங்குளம் என்ற சிற்றூர். அங்கே மலைக்குகைகளில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ராபர்ட் சிவெல் 1882இல் அவற்றைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. அவற்றில் ஒன்று சமணத் துறவிக்குப் பள்ளி, அதாவது தங்குமிடம், அமைத்துக் கொடுத்த செய்தி. அதில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் வருகிறது, வழுதி என்ற பெயர் வருகிறது, இரண்டிலும் ழ. அதே கல்வெட்டில் பள்ளியைக் குறிக்கும் சொல்லும் வருகிறது, அதில் ள. கல்லில் வெட்டியவர் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்தைப் போட்டிருக்கிறார்.

இது சாதாரண விஷயமில்லை. அசோகர் கல்வெட்டுகளின் பிராமியில் ழவுக்கு எழுத்து கிடையாது. அந்த எழுத்துமுறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் ழ, ள, ற, ன என்று நான்கு எழுத்துகளைப் புதிதாக உண்டாக்கிச் சேர்த்திருக்கிறார்கள். எழுத்து இல்லாத பக்கம் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டுமானால் குஜராத்தில் இருக்கும் அசோகரின் கிர்நார் கல்வெட்டுக்குப் போக வேண்டும். தெற்கத்து அரசர்களின் பட்டியலில் சோழர் அங்கே "சோட" என்று நிற்கிறார்கள். தெலுங்கில் கோழிக்கு நேர்ந்தது அங்கே சோழருக்கு நேர்ந்திருக்கிறது. பல நூற்றாண்டு கழித்துக் கடல்வழி வந்த ஐரோப்பியர் வாயில் சோழமண்டலம் "கோரமண்டல்" ஆனது என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். அங்கே ழ ரகரமாகியிருக்கிறது. அழகர் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எல் போடுகிறோம். பழமுதிர்சோலைக்கு வந்தால் இசட்டும் எச்சும் சேர்த்துப் போடுகிறோம், அதை வடக்கத்தியர் "பஜமுதிர்" என்று படிக்கிறார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலையில் இறங்குகிற எழும்பூரை "எக்மோர்" ஆக்கியது தனிக் கூத்து.

அறிஞர்களிடையேகூட இந்த இழுபறி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் வெளியிட்ட பேரகராதி, ழவை ரோமன் எழுத்தில் எல் போட்டு அடியில் கோடிட்டுக் காட்டுகிறது. உலக ஒலியியலார் பயன்படுத்தும் பன்னாட்டு ஒலி எழுத்திலோ, ஆங்கிலச் சின்ன ஆர் எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வலப்பக்கம் ஒரு கொக்கியை மாட்டியிருக்கிறார்கள். தலைகீழாக இருந்தாலும் அது ஆர்தான்.

ஆர் எழுத்துக்குப் பின்னால்

இனி வெளியூர் ழகரங்களைத் தேடுவது சுலபம். பிறமொழிகளில் ர என்று நாம் எழுதிப் படிக்கிற இடங்களில் காதை வைக்க வேண்டும்.

அமெரிக்கர் பேசும் ஆங்கிலத்தில் ஆர் வருகிற இடத்தைக் கவனியுங்கள். நம் ர மாதிரி நுனி தட்டாது. 1968இல் டெலாட்ரே, ஃப்ரீமன் என்ற இருவர், அவர்கள் ஆர் சொல்லும்போது எக்ஸ்ரே அசைபடம் எடுத்துப் பார்த்தார்கள். சிலர் நாக்கு நுனியை மேலே வளைத்துச் சொல்கிறார்கள். வேறு சிலர் நுனியைக் கீழே விட்டுவிட்டு நாக்கின் நடுவைத் திரட்டி மேலே தூக்குகிறார்கள். காதுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும். நுனியை வளைக்கிறவர் வாயில் இருப்பது நம் ழவின் நெருங்கிய சொந்தம்.

சீனத்தின் பொதுமொழியில் அவர்கள் பணத்தின் பெயர் ரென்மின்பி என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அந்த முதல் ஒலி ர இல்லை. நாக்கை வளைத்து, தட்டாமல் சொல்வது. சிலர் வாயில் கொஞ்சம் உரசல் சேர்ந்து ஜ சாயல் அடிக்கும், சிலர் வாயில் அப்பட்டமான ழ. இங்கே நமக்கு ஒரு சங்கடம்: தமிழில் ழ எந்தச் சொல்லுக்கும் முதலெழுத்தாக வராது. "ழென்மின்பி" என்று எழுதினால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். தென்னமெரிக்காவில் சிலியின் பழங்குடிகளான மபூச்சே மக்களின் மொழியிலும் இது சொல்லுக்கு முதலில் வரும். வீட்டுக்கு அவர்கள் சொல்லும் சொல்லை ஸ்பானிய எழுத்து வழியாகப் படித்தால் ருகா, அவர்கள் வாயில் ழுகா.

பிரேசில் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சாவோ பாவ்லோ மாநிலத்தின் உள்நாட்டுப் பகுதிகளில் போர்ச்சுகீசியம் பேசுகிறவர்கள், அசையின் முடிவில் ஆர் வந்தால் நாக்கை வளைத்து விடுகிறார்கள். கதவு என்பதற்கான "போர்த்தா" அங்கே "போழ்த்தா" போல ஒலிக்கும். நகரத்தார் இதை நாட்டுப்புறத்தான் பேச்சு என்று கேலி செய்வதுண்டு. அந்த ஆர் ஒலிக்கு வழங்கும் பெயரிலேயே பட்டிக்காட்டான் என்ற பொருள் இருக்கிறது. நம் ஊரில் ழ வராதவர் பட்டிக்காட்டான், அங்கே ழ வருகிறவர் பட்டிக்காட்டான். ஒலிக்கென்று தனியாக ஒரு கௌரவமும் கிடையாது, பேசுகிறவர் யார் என்பதைப் பொறுத்து அது ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

இந்தத் துணைக்கண்டத்தின் வடகோடியில், ஹுன்சா பள்ளத்தாக்கில் புருஷாஸ்கி என்றொரு மொழி. எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. அதிலும் ழவைப் போன்ற ஒலி உண்டு. தமிழோடு உறவு என்று உடனே யாரும் கிளம்பிவிட வேண்டாம். மனித வாய்க்கு இருப்பது ஒரே நாக்கு, ஒரே அண்ணம். உறவில்லாத மொழிகள் ஒரே இடத்தில் போய் நிற்பது இயல்பு.

கடைசியாக ஆஸ்திரேலியா. அந்தக் கண்டத்தின் நடுவே 348 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைச் செம்பாறை ஒன்று நிற்கிறது. சுற்றுலா விளம்பரங்களில் உலுரு. அந்த மண்ணின் மக்கள் பேசும் பிட்ஜன்ஜட்ஜாரா மொழியில் அந்தப் பெயரை எழுதும்போது ஆர் எழுத்தின் அடியில் ஒரு கோடு போடுவார்கள். சும்மா ர இல்லை, வளைத்த ஒலி என்பதற்கான அடையாளம். தமிழில் உள்ளபடி எழுதினால் உலுழு. நம் பேரகராதி எல்லுக்கு அடியில் கோடிட்டது, அவர்கள் ஆருக்கு அடியில் கோடிட்டார்கள். அவர்கள் தேர்வுதான் சரி என்பேன்.

அப்படியென்றால் ழ அபூர்வமே இல்லையா? உண்டு, ஆனால் அபூர்வம் என்பது வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் ரகரத்துக்கு ஒரே நாற்காலிதான். அதில் வளைத்த ஒலி உட்கார்ந்திருக்கிறது, தட்டும் ர தனியாக இல்லை. ரவையும் ழவையும் மாற்றிச் சொன்னால் பொருள் மாறும் என்ற பேச்சே அங்கே எழாது. மலையாளத்திலும் எழுத்துத் தமிழிலும் ர, ற, ல, ள, ழ ஐந்தும் தனித்தனி: கிளி வேறு, கிழி வேறு, வலி வேறு, வளி வேறு, வழி வேறு. இவ்வளவு நெருக்கமான ஒலிகளைப் பிரித்துவைத்துப் பொருள் சொல்கிற மொழிகள் குறைவு. இதிலும் நாம் தனியாள் இல்லை. நடு ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மொழியில் ல உண்டு, ள உண்டு, தட்டும் ர உண்டு, ழவும் உண்டு, எல்லாம் தனித்தனி ஒலி. வார்ல்பிரி என்ற பெயருக்குள்ளேயே ஆரும் எல்லும் சேர்ந்து வருகிற இடம் நம் ள. வார்ல்பிரிக்காரர் ஒருவரை யானைக்கல்லுக்கு அழைத்துவந்தால் "பழம்" என்று சுத்தமாகச் சொல்லிவிடுவார், கடைக்காரர் "பளமா?" என்று திருப்பிக் கேட்பார்.

யாருக்காவது ழ சொல்லித்தர நேர்ந்தால், ஆளைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள். நாக்கை வளைத்து ஆர் சொல்லும் அமெரிக்கரிடம் ல, ள பேச்சையே எடுக்க வேண்டாம். "தமிர்" என்று அவர் ஆங்கில ஆர் போட்டுச் சொல்லட்டும், முக்கால்வாசி வந்துவிடும்; நாக்கை இன்னும் கொஞ்சம் பின்னால் வளைக்கச் சொன்னால் போதும். நம் மதுரைப் பிள்ளைகளுக்கு ள ஏற்கெனவே கைவந்தது. "பள்ள்ள்" என்று இழுக்கச் சொல்லி, குரலை நிறுத்தாமல் நாக்கு நுனியை மட்டும் அண்ணத்திலிருந்து ஒரு நூல் இறக்கச் சொல்லுங்கள். முதல் சில தடவை ய வரும், நுனி அதிகமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். திரும்ப ஒட்டவைத்து மறுபடி இறக்கச் சொல்லுங்கள். கன்னத்துக் குளிர் நடு நாக்குக்கு மாறும் இடத்தில் நிறுத்தச் சொன்னால் ழ வந்திருக்கும்.